சான்றிதழில் இருந்த பெயர்

மார்ச் 4, திங்கள்
ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பை இன்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பில் எச்சரிக்கை — உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல. கோகுல் எட்டிப் பார்த்தார். "புது லேப்டாப் அப்படித்தான். கன்டினியூ அமுக்கிட்டுப் போ லா" என்றார். நெட்வொர்க் வேலை பார்க்கிற புருஷன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? ஏனோ அமுக்கவில்லை.

மார்ச் 5
ஆபீஸில் எச்சரிக்கையே வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் புனிதாவிடம் கேட்டேன். தேதி, நேரம் தப்பாக இருக்கிறதா பார், பிறகு போன் டேட்டாவில் இணைத்துப் பார் என்றாள். நேரம் சரி. போனில் இணைத்தால் எல்லாம் திறக்கிறது. வீட்டு வைஃபையில் மட்டும் சிவப்பு.

மார்ச் 7, வியாழன்
எச்சரிக்கைக்குள் அந்தப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழைத் திறந்து, வழங்கியது யார் என்று பார்க்கப் புனிதா சொல்லியிருந்தாள். பேங்க், மெயில், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். 'கோகுல் ஹோம்'.

ஆபீஸில் புனிதாவிடம் சொன்னேன். "நீ எழுதுறது படிக்கிறது எல்லாம் அவர் வச்சிருக்கிற வைஃபை பெட்டி வழியாத்தான் போகுது, அத்தனையும் அவர் படிக்கலாம், அனு. உன் பழைய லேப்டாப்புல அந்தச் சான்றிதழை அவரே போட்டிருப்பார். அதான் அது ஒண்ணும் காட்டல."

பழையது அவர் வாங்கித் தந்தது. மூன்று வருஷம்.

மார்ச் 8
நவம்பரில் கோலா சுங்கை பாருவில் இருக்கும் இந்திரா அக்காவுக்கு மெயில் எழுதினேன் — இங்கே மூச்சு முட்டுது, கொஞ்ச நாள் உன் வீட்டுக்கு வரட்டுமா என்று. மறுநாளே இவர், "கோலா சுங்கை பாருவுக்குப் போகணுமாமே" என்றார். அக்காதான் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். நாலு மாசமாக அவள் கூப்பிட்டாலும் நான் போனை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவள். அவ என்ன செஞ்சா? ஒண்ணுமே செய்யலையே.

மார்ச் 9, சனி
கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே, "உன் பாதுகாப்புக்குத்தான். மறைக்க ஒண்ணும் இல்லன்னா உனக்கென்ன?" என்றார்.

இந்தத் தங்கா பத்து ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? கார் அவருடையது. போனிலும் என்ன வைத்திருக்கிறாரோ. யாரைக் கூப்பிடுவேன், எதில்?

மார்ச் 11
சமைத்தேன். துணி மடித்தேன்.

மார்ச் 13, புதன்
ஆபீஸ் போனில் அக்காவை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், முடிக்கவிடவில்லை. "துணிமணி மட்டும் எடுத்துக்க. வெள்ளிக்கிழமை மாமா உன் ஆபீஸ் வாசலுக்கு லோரியோட வருவார்" என்றாள். என் போனில் இருந்த எல்லாவற்றையும் புனிதா அழித்துக் கொடுத்தாள்.

மார்ச் 17, ஞாயிறு. கோலா சுங்கை பாரு
அக்கா பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோகுல் அழைத்தார்.

"அனு, எங்க இருக்கே?"

கல்யாணமான நாளிலிருந்து இதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, அக்காவுக்கு உதவப் போனேன்.