பெருமாள் உட்காராத வாங்கு

1998 ஜூன் 4, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை போலும். யட்டியாந்தோட்டைக் கடைத்தெரு முழுக்கத் தோட்டத்து ஆட்கள். கிளினிக். டொக்டர் என் கை நடுக்கத்தைப் பார்த்தார், சுவரைக் காட்டினார். சிங்களத்தில் ஓர் அறிவித்தல்: குடியை விட விரும்புவோர் கூட்டம், ஞாயிறு மூன்று மணி, பழைய பாடசாலை மண்டபம். எழுதியெடுக்க வெட்கம். மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

வாங்கியவை: பாண், சவர்க்காரம், மற்றது. (இங்கேயும் அதன் பெயரை எழுதக் கை வரவில்லை.)

ஜூன் 7, ஞாயிறு

தூறல். மண்டபத்து வாசல் வரை போனேன். உள்ளே சிரிப்பொலி. இதை எதிர்பார்க்கவில்லை. குடையை விரித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். செருப்பு வார் அறுந்தது. மாலை: மற்றது. வானொலிச் செய்தி. சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஒருவழியாக வெயில். உள்ளே போனேன். பத்துப் பேர் வரை, பெரும்பாலும் சிங்களவர். நடத்துபவர் சிரில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. "எண்ட மாத்தயா, வாடி வென்ன" என்று உட்காரச் சொல்லி ஒரு நீள மர வாங்கைக் காட்டினார். அதில் ஏற்கனவே ஒருவன். பெருமாள்! நான் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற தோட்டத்தில் பால் வெட்டுபவன். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தான். "கிளாக்கரையா!" தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. வாங்கு முழுவதும் எனக்கு. அவன் கடைசிவரை கதவடியில் நின்றான். தன் முறை வந்தபோது கையசைத்து அடுத்தவருக்கு விட்டான்.

என் முறை. எழுந்து, நல்ல சிங்களத்தில், கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். பெருமாள் நின்றதால்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதலாம். சரியாக இராது.

தேநீர் நல்ல சாயம்.

ஜூன் 17, புதன்

மழை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மனைவி பத்மா இருந்த காலத்தில் அவளே போட்டுவிடுவாள், ஒன்றும் கேட்காமல். யாழ்ப்பாணத்துத் தங்கச்சிக்குக் கடிதம்: "நலம்" என்ற சொல்லோடு நின்றுவிட்டது. இன்று பேசியது பாண் கடைக்காரனிடம் மட்டும். "ஒன்று" என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

பெருமாள் வரவில்லை. வாங்கில் நான் மட்டும். அவன் ஒரு கிழமையும் தவறியதில்லையாம், மாதக்கணக்காகத் தொட்டதும் இல்லையாம். ஏன் வரவில்லை, தெரியுமா என்று சிரில் என்னைக் கேட்டார். தலையாட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

ஜூன் 24, புதன்

தோட்ட ஆட்கள் வசிக்கும் லயத்துக்குப் போனேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூட உள்ளே போனதில்லை. வாசலில் பெருமாளின் மனைவி.

"வாங்க கிளாக்கரையா. இவரு கூட்டத்துக்குப் போன நாள்ல இருந்து வீட்டுல சட்டி பறக்கல. இந்த ஞாயித்துக்கெழம பறந்திருச்சு. அந்தா கெடக்கு பாருங்க."

நசுங்கிய அலுமினியச் சட்டி.

"சும்மா இரு புள்ள. ஐயாவுக்கு ஸ்டூலப் போடு." பெருமாள் உள்ளேயிருந்து வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏன் கூட்டத்துக்கு வரேல்லை?"

"காச்சலுங்க."

"ஆமா, போத்தல் காச்சல்!" மனைவி.

"நான் வாறதாலயோ?"

தரையைப் பார்த்தான். "ஐயா பாக்க வந்தவுங்க. பாக்க வந்தவுங்களுக்கு முன்னுக்கு நான் என்னாங்க சொல்றது?"

நான் பார்க்க வந்தவன் அல்ல என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அப்ப நான் வராமல் விடுறன். நீ போ" என்றேன். சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் வெட்கம்.

"அப்ப ஐயா எங்கிட்டுப் போவீங்க?"

பஸ் வரும் நேரம் என்று சொல்லிப் படியிறங்கினேன். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 28, ஞாயிறு

பெருமாளை மனைவி இழுத்து வந்திருக்கிறாள். அவள் வெளியே குடையோடு காவல், அவன் கதவடியில். யாரும் கேட்குமுன் எழுந்தேன். காலை முழுவதும் தயார் செய்த சிங்கள வசனங்கள்; இரண்டு வந்தன, மற்றவை போய்விட்டன. பிறகு தமிழ்தான். சிரில் பெருமாளைப் பார்த்தார். அவன் கதவடியிலிருந்தே ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னான், என்னிலும் நன்றாக. நான் சொன்னவை: குடி பத்மா போனதால் தொடங்கியதல்ல, அவள் இருக்கும்போதே. தனியே, கதவைப் பூட்டிக்கொண்டு. பார்க்க வந்தேன் என்றது பொய். அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு அதையும் சொன்னான்.

முடிந்தபின், பெருமாள் மெல்ல: "எங்களுக்குத் தெரியுமுங்க ஐயா. சம்பளம் வாங்க ஜன்னலண்ட வந்தாலே வாட வரும். ஐயாவே மூடி வைக்கிறப்ப நான் எதுக்குத் தொறந்து காட்டணும்னுதான்..."

இத்தனை வருடம் ஏலக்காய் மென்றேனே!

சிரில் கேட்க, பெருமாள் ஜன்னல் கதையையும் சிங்களத்தில் சொன்னான். மண்டபம் சிரித்தது. நானும்.

வாங்கில் தள்ளி உட்கார்ந்தேன். "பெருமாள், இருங்கோ."

"அப்புடிச் சொல்லாதீங்க ஐயா, கூசுது."

"இருங்கோ."

வெளியிலிருந்து: "ஒக்காரேன்யா! எம்புட்டு நேரந்தான் நிப்ப?"

நுனியில் உட்கார்ந்தார்.

அறை. மறுபடி மழை. அலுமாரியில் அரைப் போத்தல் சாராயம் இருக்கிறது.