ஆடியில் மட்டும் காலியாகும் மண்டபம்

அனுப்புநர்:
எம். ஷேக் பரீத்,
பரீத் பந்தல், பாத்திரம் வாடகை நிலையம்,
கோட்டைமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
கொங்கு தொழிற்கண்காட்சி மண்டபம்,
அவிநாசி சாலை, கோயம்புத்தூர்.

பொருள்: மண்டபத்தின் பின்புறக் காலியிடத்தில் கண்காட்சிக்கென இரண்டாவது கூடம் கட்ட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பம்பு, கிரைண்டர் கண்காட்சியில், உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு முற்றத்தில் பந்தல் போடுகிறவன் நான். இரண்டாவது கூடம் வந்தால் முதலில் படுக்கப்போவது என் வியாபாரம்தான். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். "ஊருல எவனாச்சும் தன் கடையப் பூட்டச் சொல்லி மனு எழுதுவானாங்க?" என்று என் மனைவி யாஸ்மின் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2. பெயர் தொழிற்கண்காட்சி மண்டபம் என்றாலும், முகூர்த்தம் உள்ள மாதமெல்லாம் இங்கே கல்யாணம்தான். குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கல்யாணங்களுக்கும் அண்டாவும் நாற்காலியும் கொடுப்பது நானே. பஞ்சாங்கம் பார்க்காத குடும்பம் எங்களுடையது. ஆனாலும் வளர்பிறை முகூர்த்தம் எது, தேய்பிறை முகூர்த்தம் எது என்று காலண்டரைத் திருப்பாமலே யாஸ்மின் சொல்வார். புரட்டாசியைத் தீபாவளித் தள்ளுபடித் துணிக்காரர்களும், மார்கழியைக் கச்சேரிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஆடி. எனவே கண்காட்சிக்கு ஆடியில்தான் மண்டபம் கிடைக்கிறது.

3. ஆடியில் நம் பக்கத்தார் புதிதாக எதற்கும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. குடும்பத்தோடு வருவார்கள். பம்பைத் தட்டிப் பார்ப்பார்கள், இலவச மோர் குடிப்பார்கள். "எல்லாம் நல்லாருக்குதுங்க. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பாலக்காட்டு வியாபாரிக்கு அது கர்க்கடகம், அங்கேயும் ஆகாத மாதம். அவரும் அதையே மலையாளத்தில் சொல்வார். ஆவணி பிறக்கும்போது கண்காட்சி முடிந்திருக்கும். பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் கொஞ்சம் வியாபாரம் நடக்கும். யாரும் வாங்காத மாதமாகப் பார்த்துக் கடை விரிக்கிறவர்கள் உலகத்திலேயே நாம்தான் என்று கண்காட்சிக் குழுச் செயலாளர் திரு. பாலுசாமி சொல்லிச் சிரிப்பார். இந்த ஆண்டு அவரும் சிரிக்கவில்லை.

4. காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதுக்கரைப் பக்கமிருந்து வரும் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துணிப்பந்தல் எம்மாத்திரம்? இவ்வாண்டு பட்டப்பகலில் என் பந்தலின் மேற்குப் பக்கத் துணி அறுத்துக்கொண்டு, தங்கள் அலுவலக ஜீப்பின் மேல் போய் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. பரீத் பாய் ஜீப்புக்குப் பொன்னாடை போர்த்தினார் என்று குழுவினர் இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள்.

5. ஆனால் அதே நேரத்தில், அதே பந்தலுக்குள், வெள்ளகோவிலில் கிரைண்டர் பட்டறை நடத்தும் திருமதி சாமியாத்தாள், பம்பாயிலிருந்து வந்த கடை முதலாளி ஒருவருக்குத் தம் கிரைண்டரில் உளுந்து ஆட்டிச் சுடச்சுட வடை போட்டுக்கொண்டிருந்தார். ஆடி பார்க்காத ஒரே வாடிக்கையாளர் அவர். ஆர்டர் பேசியாயிற்று, வடைதான் பாக்கி. மாவில் புழுதி விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பம்பாய்க்காரர் கடித்தார். நறுக்கென்றது. கிரைண்டர் கல் உதிர்கிறதா என்று இந்தியில் கேட்டார். பிறகு மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, ஆர்டர் கொடுக்காமலே போய்விட்டார்.

6. பந்தல் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். கிரைண்டர் செய்கிறவருக்குக் கல் உதிர்கிறது என்ற பெயர் வந்துவிட்டால் எந்த ஊசியால் தைப்பது? பம்பாய்க்காரர் ரயில் ஏறுவதற்குள் பேச்சு கண்காட்சி முழுதும் சுற்றிவிட்டது. இப்போது காங்கயம் கடைகளிலும் கல் உதிருமா என்று கேட்கிறார்களாம். "ஏனுங்க பாய், உங்க பந்தலு பறந்தா காத்துங்கறாங்க. என்ற வடையில மண்ணிருந்தா மட்டும் கல்லுங்கறாங்க. இதென்ன நாயமுங்க?" என்று அந்த அம்மணி என்னிடம் கேட்டார். மறு வாரம் அவர் பட்டறைக்கே போய், அதே கிரைண்டரில், நான்கு சுவருக்குள் ஆட்டிச் சுட்ட வடையைச் சாப்பிட்டேன். மண் இல்லை. ஐயம் தீரும் வரை சாப்பிட்டேன். எனக்கு ஐயம் அவ்வளவு சீக்கிரம் தீராது.

7. அடுத்த ஆண்டுக் கண்காட்சியைப் பெங்களூருக்கு மாற்றுவதா என்று தீபாவளி கழிந்ததும் குழு கூடி முடிவு செய்யப்போகிறது. பெரிய கம்பெனிகள் லாரியில் சரக்கேற்றிப் போய்விடும். சாமியாத்தாளால் முடியாது. பெயர் கெட்ட இடத்திலேயே, கேட்டவர்கள் முன்னாலேயே, அவர் மறுபடி மாவாட்டிக் காட்ட வேண்டும். அதற்குக் கண்காட்சி இங்கே நடக்க வேண்டும்.

8. ஊருக்கும் இதில் ஆதாயம் உண்டு. கல்யாணத்துக்கு வருகிறவருக்கு இங்கே ஒரு மாமன் வீடு இருக்கும். அங்கே படுத்து, மண்டபத்தில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். கண்காட்சிக்கு வருகிற வெளியூர் வியாபாரிக்கு இங்கே மாமன் இல்லை. காந்திபுரத்தில் லாட்ஜ் எடுக்கிறார், ஆட்டோ பிடிக்கிறார், மெஸ்ஸில் சாப்பிடுகிறார், வீட்டுக்குச் சேலை வாங்குகிறார். அவர் போன பிறகும் அவர் கொடுத்த ஆர்டர் வார்ப்படப் பட்டறைக்கும் கடைசல் பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக்காரருக்கும் வேலை கொடுக்கிறது. முகூர்த்தம் முன் கூடத்தில் நடக்கட்டும். கண்காட்சி ஆவணியிலோ தையிலோ பின் கூடத்தில் நடக்கட்டும். ஒரே நாளில் மண்டபத்துக்கு இரண்டு வாடகை.

9. கட்டுவதற்கு நிதியில்லை என்று முன்பு பதில் வந்ததாகப் பாலுசாமி கூறினார். முற்றத்துக் கடைக்காரர்கள் இத்தனை ஆண்டுகள் பந்தலுக்குக் கொடுத்த வாடகையைச் சேர்த்திருந்தால் இந்நேரம் பாதிக் கூடம் எழும்பியிருக்கும். வேறு யார் சொன்னாலும் தாங்கள் ஐயப்படலாம். வாங்கிச் செலவழித்தவனே சொல்கிறேன். இனி அந்தத் தொகையை முன்வாடகையாக மண்டபத்துக்கே கட்டக் கடைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆகவே, தீபாவளிக்கு முன் பின்புற இடத்தை அளந்து, கூடம் கட்டுவதற்கான உத்தரவைக் குழுவின் கையில் சேர்ப்பித்து, கண்காட்சியை இவ்வூரிலேயே தக்கவைத்துத் தருமாறும், அந்தக் கூடத்தில் காற்றுப் படாத சுவரோரம் முதல் கடையைச் சாமியாத்தாள் பட்டறைக்கு ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் என் பொறுப்பு, வாடகை வேண்டாம். விழாவை மட்டும் ஆடியில் வைத்துவிடாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முற்றத்துப் பந்தல்காரன்,
(ஒப்பம்) எம். ஷேக் பரீத்

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 30.8.1995