வேட்டித் துணிக்குள் ஒரு கத்தரிப்பூ

என் அருமைத் தங்கச்சி லூர்துக்கு,

நீ போன பிறகு காலேஜில் நீ செடி வளர்த்த கண்ணாடிக் குழாய்களில் பூசணம் பிடித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். லீவுக்கு நீ வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே கத்தரிச் செடிதான் மிச்சம். மாடியில் தொட்டியில் நிற்கிறது. அதன் பக்கம் போகவே பயமாக இருக்கிறதம்மா.

மகரந்தப்பையிலிருந்து வளர்த்தது, தாய் பங்கு இல்லாத பாதிச் செடி என்றாய். "பாதின்னா பாதி விலையா?" என்றேன்.

"சிரிங்கண்ணே. இது பூக்கும், காய்க்காது. இந்தப் பாதியை அப்படியே இரட்டிச்சுட்டா விதையெல்லாம் ஒரே அச்சு. ஒரு பாக்கெட்ல மூணு விதக் கத்தரின்னு உங்க விதைக் கடைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

இரட்டிக்கிற மருந்து கண்வலிக்கிழங்கு விஷம். அந்த விதையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்றவன் நான். இப்போது ஒரு சொட்டை மூன்று தரம் அளக்கிறேன். பஞ்சில் நனைத்துக் குருத்தில் வைக்கச் சொன்னாய். எவ்வளவு நேரம்? கோயம்புத்தூரில் உன்னோடு படித்தவருக்கு ட்ரங்க் கால் போட்டேன். "அது லூர்துக்குத்தான் கைவந்துச்சு" என்கிறார்.

முதல் குருத்து கருகிவிட்டது. "உள்ளதையும் கொன்னுட்டுத்தான் இறங்குவீங்களா? கையை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள் உன் அண்ணி ஸ்டெல்லா.

அடுத்த குருத்தில் பஞ்சைச் சீக்கிரமே எடுத்துவிட்டேன். இரட்டித்ததற்கு நீ சொன்ன அடையாளம்போலவே, தடித்த இலையோடு கோணலாக வளர்ந்தது. மற்ற கிளைகளில் பூவெல்லாம் உதிர, இதில் ஒரு மொட்டு வந்தது. தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவராமல் இருக்க வேட்டியைக் கிழித்து மூடினேன். "கத்தரிக்கு வேட்டி கட்டுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று அண்ணி சிரித்தாள். முடிச்சு அவள் போட்டதுதான்.

இன்று பார்த்தேன். பூ வாடியும் உதிரவில்லை. காம்பு தடித்திருக்கிறது. பிஞ்சா, என் ஆசையா? ஆடிக் காற்று மாடியைப் புரட்டுகிறது. இது விழுந்தால் உன்னை இன்னொரு தரம் தூக்கிப்போன மாதிரி ஆகிவிடும் லூர்து.

"தூத்தல் போடுது, குடை கொண்டு போங்க" என்று கீழேயிருந்து அண்ணி கத்தினாள். கொண்டுவந்த குடை எனக்கில்லை. தொட்டியைத் தூக்கினால் காம்பு ஆடிவிடுமோ என்று, செடிக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காய்த்தால் மஞ்சளாகப் பழுக்கும்வரை தொட மாட்டேன். ஸ்ரீரங்கத்துக் குத்தகைக் கொல்லையில் விதைத்து, எல்லாச் செடியும் ஒரே முகமாக நிற்பதைப் பார்க்காமல் ஒரு விதைகூட விற்க மாட்டேன். இது வியாபாரி பேச்சு இல்லை.

குடைக்கு வெளியே நனைந்துகொண்டு,
உன் அண்ணன் அருளப்பன்