நான்காம் எண் கூடுமிடத்தில் தனியே நின்ற சித்ரலேகா

அனுப்புநர்
தே. இசக்கிச்செல்வி (வயது 38),
க/பெ. தேவேந்திரன்,
சத்துணவு அமைப்பாளர்,
கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு. கப்பல் பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: சுற்றுலாக் கப்பலில் ஆட்டிசம் உள்ள என் மகளைப் பாதுகாப்பு ஒத்திகையில் சேர்க்காமல் விலக்கி வைத்தது – மறுநாள் அபாயச் சங்கு ஒலித்தபோது அவளைத் தனியே விட்டது – அறிக்கையில் அவள்மீதே பழி எழுதியது – திருத்தமும் நடவடிக்கையும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கப்பல் நிறுவனத்துக்கு என் கடிதம், நாள் 20.01.2025.
2. நிறுவனத்தின் பதில், நாள் 10.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை இதற்கு முன் நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆத்திரத்தில் எழுதியது மனுவாக இல்லை, ஏச்சாக இருந்தது. தங்களை ஏசி எனக்கு ஆவது ஒன்றுமில்லை. தங்களுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. ஐந்து வாரம் ஆகியும் இப்படியும் நடக்குமா என்று நம்ப முடியாமல்தான் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடையில் எங்கேனும் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. என் ஒரே மகள் சித்ரலேகாவுக்கு வயது பத்து. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் இணைத்துள்ளேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல் பேசினால் அதிகம். திடீர்ச் சத்தமும், முன்பின் தெரியாதவர் தொடுவதும் அவளுக்கு ஆகாது. ஆனால் ஒரு காரியத்தை இன்னபடி என்று பழக்கிவிட்டால் அதில் எள்ளளவும் பிசக மாட்டாள். நான் அமைப்பாளராக இருக்கும் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

3. கடந்த தீபாவளிக்குத் திருநெல்வேலி டவுனில் ஜவுளி எடுத்தோம். கடைக்காரர் போட்ட குலுக்கலில் என் கணவர் பெயருக்குக் கப்பல் பயணம் விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து ‘கடல்மங்கை’ என்னும் கப்பலில் மூன்று பேர் இரண்டு இரவு போய் வரலாம். வேறு வீடென்றால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்கள். எனக்கோ பயணச் சீட்டைப் படித்ததும் ஏறவே பயமாக இருந்தது. ஏறிய அன்றே எல்லாரும் ஒத்திகைக்கு நிற்க வேண்டும், சங்கு ஏழு முறை குறுக்கமாகவும் ஒரு முறை நீளமாகவும் ஒலிக்கும், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்ட வேண்டும் என்று சீட்டில் அச்சடித்திருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர்தான் அலறிய இவளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். உயிரைக் காத்தவர், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து அந்த நிறத்தைக் கண்டாலே இவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

4. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். இந்தப் பிள்ளைக்காக எத்தனையைத்தான் திருப்பிக் கொடுப்பது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவளைத் தூக்கிய தீயணைப்பு வீரர் பாபநாசம் அண்ணாச்சியிடமே போய்ப் பழைய ஜாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். முதல் வாரம் அது துணிக்கொடியில் கிடந்தது. அடுத்த வாரம் நாற்காலிக்கு வந்தது. பிறகு நான் அதைப் போட்டுக்கொண்டு தோசை சுட்டேன். அப்புறம் அவள் தோளில், பத்து எண்ணும் வரைக்கும். பைய இருபது, ஐம்பது. தை பிறக்கையில் வாரைத் தானே மாட்டிக்கொண்டாள்.

5. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. தலைமையாசிரியர் அனுமதியோடு சமையலர் பேச்சித்தாய் மதியச் சோற்றுக்கு முன் அதில் ஏழு தனி அடியும், விடாமல் ஒரு நீண்ட அடியும் அடிப்பார். முதலில் துணி சுற்றிய கம்பியால், பிறகு வெறும் கம்பியால். சங்கு ஒலித்தால் போய் நிற்க வேண்டிய கூடுமிடமாக எங்களுக்குச் சீட்டில் கொடுத்திருந்தது நான்காம் எண். அதனால் சுண்ணாம்பால் வட்டம் போட்டு 4 என்று எழுதினேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கப்பல் விளையாட்டு என்று ஓடிவந்து அதில் நிற்பார்கள். மூன்று அடி விழுந்தால் முடிந்தது, சோற்றுக்குப் போகலாம். அதுவரை வட்டத்தை விட்டு நகரக் கூடாது. இந்த விதியைப் போட்டவள் நானே. பொங்கல் கழிந்து சித்ரலேகா எல்லாருக்கும் முந்தி வந்து நின்றாள். பிந்தி வரும் பிள்ளைகளைப் பார்த்து ‘லேட்டு’ என்று சொல்லவும் தொடங்கினாள். பேச்சித்தாய் அழுதேவிட்டார்.

6. ஒத்திகை நேரத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள், ஓரமாக நிற்க விடுங்கள், காதடைப்பானை அனுமதியுங்கள், யாரும் தொட வேண்டாம் என்று பார்வை 1-இல் கண்ட கடிதத்தில் நான்கே வரி எழுதினேன். அனைத்து ஏற்பாடும் செய்யப்படும் என்று தொலைபேசியில் பதில் வந்தது.

7. 14.02.2025 அன்று கப்பல் ஏறினோம். எங்கள் அறை வாசலிலிருந்தே 4 என்ற அம்புக்குறிகள் கூடுமிடத்துக்கு வழி காட்டின. மாலை நான்கு மணி ஒத்திகைக்குப் பிள்ளை மூன்றே முக்காலுக்கே ஜாக்கெட்டும் காதடைப்பானுமாகத் தயார். அப்போது பயணிகள் மேற்பார்வையாளர் மணிராஜ் என்பவர் அறைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர். எங்கள் ஊரைக் கேட்டதும் அக்கா என்றார், என் கணவரை அத்தான் என்றார். பிள்ளையைப் பார்த்தார். கூட்டத்தில் வைத்து இவளைச் சங்கடப்படுத்த வேண்டாம், அறையிலேயே இருங்கள், கலந்துகொண்டதாக நான் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தாளை நீட்டினார். இதற்காகத்தான் மூன்று மாதம் பழக்கினோம் என்றேன். மற்ற பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்றார்.

8. நான் கையெழுத்துப் போட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் சத்துணவுப் பதிவேடு எழுதுகிறவள் நான். வராத பிள்ளைக்கு ஒரு முட்டை எழுதியது கிடையாது. அப்படிப்பட்டவள், நம்ம பக்கத்து ஆள் இவ்வளவு தன்மையாகச் சொல்லும்போது முகத்தை முறிப்பது எப்படி என்று கூசிப்போய், வராத ஒத்திகைக்கு வந்ததாகக் கையெழுத்திட்டேன். சங்கு ஒலித்தது. ஏழும் ஒன்றும். பிள்ளை எழுந்து கதவுக்குப் போனாள். சரியானதைச் செய்யப் போனவளை நான் பிடித்து உட்காரவைத்தேன். தொடவே கூடாத நேரத்தில் பெற்ற தாயே பிடித்து இழுத்தால் அவள் என்ன நினைப்பாள்? அன்று இரவு அவள் சோறு தொடவில்லை.

9. மறுநாள் 15.02.2025 முற்பகல் 11.10 மணி. என் கணவர் மேல்தளத்தில் இருந்தார். நான் குளியலறையில் இருந்தேன். சங்கு ஒலித்தது. ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை. ஈரத்தோடு வெளியே வந்தால் அறைக் கதவு திறந்து கிடக்கிறது, ஆணியில் ஜாக்கெட் இல்லை, பிள்ளை இல்லை. ஐயா, ஈரத் துணியோடே நடைபாதைக்கு ஓடினேன்.

10. சலவை அறையில் புகை என்று பிறகுதான் தெரிந்தது. நடைபாதையில் ஆட்கள் முன்னும் பின்னும் ஓடினார்கள். ஓர் ஊழியர் என்னை இடப்பக்கத்து உணவுக்கூடத்துக்குள் தள்ளிவிட்டார். என் கணவர் அங்கே இருந்தார். பிள்ளை எங்கே என்று நான் அவரைக் கேட்டேன், அவர் என்னைக் கேட்டார். மணிராஜ் கையில் தாளோடு நின்றார். பிள்ளையைக் காணவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகவே சொன்னார்: “லிஸ்ட்ல இருக்குக்கா. பிள்ளை இங்கனதான் இருக்கும், பைய தேடுங்க.” தாளை வாங்கிப் பார்த்தேன். நான்காம் எண்ணுக்கு உரிய நாற்பத்தொரு பேருக்கும் டிக். சித்ரலேகாவுக்கு டிக். அந்த நிமிடம்தான் உள்ளே வந்த எனக்கும் ஏற்கெனவே டிக். யார் பெயரையும் கூப்பிடவில்லை. நேற்றைய தாளைப் பார்த்து இன்றைய தாளை நிரப்பியிருக்கிறார்கள். என் பிள்ளை எங்கே என்று கேட்ட எனக்கு, இருக்கிறாள் என்று காகிதத்தைக் காட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சமையல்கூடத்தில் காலம் கழிக்கும் எனக்குத் தெரியாதா? அந்த ஏட்டில் என் கையெழுத்தும் இருந்தது.

11. கூடுமிடத்தில் ஆபத்து என்றால் எதிர்ப்பக்கத்து உணவுக்கூடத்துக்கு மாற வேண்டும் என்று முந்தைய நாள் ஒத்திகையில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். சலவை அறையின் புகைப்போக்கி நான்காம் எண் பக்கம்தான் திறக்கிறது. அதனால் எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். நாங்கள் அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? பிள்ளை எங்கே நிற்பாள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிற்பாள். நான் சொல்லிக்கொடுத்தபடி நகராமல் நிற்பாள். அந்தப் பக்கத்து இரும்புக் கதவை அடைத்துவிட்டோம், எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கேப்டன் உத்தரவில்லாமல் திறக்க முடியாது என்றார்கள்.

12. கப்பல் சமையல்காரர் வன்னியராஜ், கங்கைகொண்டான்காரர், கையில் கரண்டியோடு அங்கே நின்றவர். அவர் யாரிடமும் கேட்கவில்லை. கதவின் வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். “அங்கன ஒரு பிள்ளை தனியா நிக்குது வே” என்றார். சொன்ன கையோடு கதவைத் திறந்துவிட்டார். அப்போது மணி 11.48.

13. என் மகள் தளத்தில் 4 என்று எழுதியிருந்த வட்டத்துக்குள், கோட்டை மிதிக்காமல் நின்றாள். ஜாக்கெட் வார்கள் மூன்றும் சரியாகப் பூட்டியிருந்தன. முகத்தில் கரி, கண்கள் சிவந்து நீர் வழிந்தது. முப்பத்தெட்டு நிமிடம், புகையில், ஒற்றையாக. கூப்பிட்டால் வரவில்லை. தூக்கப் போன ஊழியரிடமிருந்து விலகி மறுபடி வட்டத்துக்குள்ளேயே போனாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வன்னியராஜ் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, கைப்பிடிக் கம்பியில் மூன்று அடி அடித்தேன். உடனே வந்தாள். என் பின்னால் நின்ற மணிராஜையும் மற்றவர்களையும் பார்த்து “எல்லாரும் லேட்டு” என்றாள். ஊர் திரும்பி இரண்டு நாள் நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்தோம். மருத்துவச் சீட்டு இணைத்துள்ளேன்.

14. இதைவிடப் பெரிய அதிர்ச்சி நிறுவனத்தின் பதில். பெற்றோர் ஒத்திகையில் கலந்துகொண்டு கையெழுத்திட்டுள்ளனர் என்றும், ‘குழந்தை அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படாமல் தடுக்கப்பட்ட பகுதிக்குச் சென்றது’ என்றும், இனி இவ்வகைக் குழந்தைகளுக்கு முன்பதிவு இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். கட்டுப்படாத பிள்ளையாம்! அந்தக் கப்பலில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அவள் ஒருத்திதான். அந்தத் தாளில் நாற்பத்தொரு டிக் இருக்கிறது. நான்காம் எண்ணில் நின்றது ஒரே ஓர் ஆள். கதவைத் திறந்த வன்னியராஜிடம் விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

15. ஆகவே ஐயா, என் மகள் கட்டுப்படவில்லை என்ற வரியை அந்த அறிக்கையிலிருந்து நீக்க ஆணையிட வேண்டுகிறேன். பிற்காலத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்து இவளை வேறொரு கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார் என்பதுதான் என் பயம். இவளைப் போன்ற பிள்ளைகளை ஒத்திகையிலிருந்து விலக்கக் கூடாது, முன்பே நேரம் சொல்லி, மாற்று இடத்தையும் காட்டி, கூடவே நிறுத்திப் பழக்க வேண்டும் என்று எல்லாக் கப்பலுக்கும் எழுத வேண்டுகிறேன். பெயரைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்த பிறகே டிக் போட வேண்டும். வன்னியராஜுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். மணிராஜ் ஒருவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டிவிட்டுக் கம்பெனி கை கழுவவும் வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பொய்யாகக் கையெழுத்திட்டதற்கு என்மீது நடவடிக்கை உண்டென்றால் அதற்கும் நான் கட்டுப்படுகிறேன்.

16. ஊருக்கு வந்தபின் சித்ரலேகாவிடம் ஒரு புதுப் பழக்கம். மதியம் மூன்று அடி விழுந்த பிறகும் உடனே சோற்றில் கை வைப்பதில்லை. வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். முப்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே சாப்பிடுகிறாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

17. தாங்கள் அந்தக் கப்பலை ஆய்வு செய்யும் நாளில் எங்களையும் அழைக்க வேண்டுகிறேன். நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும். சங்கை ஒலிக்கவிட்டு, தாங்களே நின்று எண்ணிப் பாருங்கள். என் மகள் வந்து நிற்பாள். தாங்கள் பிந்தி வந்தால் அதையும் சொல்லிவிடுவாள்.

இடம்: கல்லிடைக்குறிச்சி
நாள்: 24.03.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) தே. இசக்கிச்செல்வி
சித்ரலேகாவின் தாய்

இணைப்பு: அடையாள அட்டை நகல், நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், நிறுவனத்தின் பதில், மருத்துவச் சீட்டு, 15.02.2025 அன்று நாற்பத்தொரு டிக் போட்ட தாளின் கைபேசிப் படம்.

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திருநெல்வேலி.