விழுந்தாரா, குதித்தாரா?

டாக்டரய்யா,

இன்று காலை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். வாளியில் சுண்ணாம்பு கொதிக்கும் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் இறந்த சேதி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கு என்னை நினைவிருந்திருக்காது. விஸ்வநத்தம் பக்கம், மாதா கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கப் போய் விழுந்து செத்தாரே, அவர் பெண்சாதி நான்.

அவருக்கு வெடி கம்பெனியில் வேலை. சீசன் இல்லாத நாட்களில் வெள்ளையடிப்பார். அன்று காலையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. எனக்கு எப்போதுமே வாய் நீளம். "போனா அப்படியே போயிருங்க, திரும்பி வராதீக!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

தெரு சும்மா இருக்குமா? "பொண்டாட்டி ஏச்சு தாங்காம குதிச்சுட்டாம்லே" என்றது. தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வேலிக்கு வெளியேதான் என்றார் சாமியார். போலீஸ் வந்து உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது. வேலியைவிட என்னைத் தின்றது வேறு. என் சொல்லுக்காகவா குதித்தார்?

உடலைப் பரிசோதித்த நீங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கேட்டீர்கள்: "அவர் கையைக் கழுவினது யாரும்மா?"

"நான்தான்யா. சுண்ணாம்பும் ரத்தமுமா அம்புட்டு அசிங்கமா இருந்துச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன்."

"கெடுத்தியேம்மா! அந்தக் கைதானே சாட்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். பிறகு குரலைத் தணித்து, "நடுவிரல்ல பாதி நகத்தைக் காணோமே. நீ வெட்டினியா?" என்றீர்கள். இல்லை என்றேன்.

ஏ அப்பா! அடுத்து நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எங்கள் ஊருக்கே வந்தீர்கள். அந்தப் பருத்த உடம்போடு, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோபுரத்தில் அவர் நின்ற அதே மூங்கில் சாரத்தில் ஏறினீர்கள். "ஐயா, நான் ஏறுதேன்" என்று போலீஸ்காரர் கெஞ்சினார். "எதைத் தேடணும்னு உமக்குத் தெரியாதுய்யா" என்று ஏறிக்கொண்டே போனீர்கள். சுவரில் முகம் உரச விளிம்போடு விளிம்பாக அரை மணி நேரம் தேடினீர்கள். கீழே ஊரே வாயைப் பிளந்து நின்றது.

இறங்கியபோது சட்டையெல்லாம் வெள்ளை. கையில் ஒரு தாள் பொட்டலம், அதற்குள் அரை நகம். விளிம்புக் காரையில் நாலு விரல் கீறிய கோடு இருந்ததாம்; கோட்டின் கடைசியில் சிக்கிக் கிடந்ததாம். ஆஸ்பத்திரியில் அவர் விரலில் வைத்துப் பார்த்தீர்கள், பிசகில்லாமல் பொருந்தியது. "குதிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் குதிகால்தான் நொறுங்கும். இவருக்கு ரெண்டும் முழுசா இருக்கு" என்று சொல்லி, அதையும் எழுதிக் கொடுத்தீர்கள். சாமியாரே முன்னால் நடந்து வந்து, வேலிக்கு உள்ளே அடக்கம் செய்தார்.

யாரும் பார்க்காத ஒரு நொடியை அரை நகத்தில் படித்துவிட்டீர்களே ஐயா! அப்படி ஒரு படிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதைத்தான் இத்தனை வருசமும் வைத்துக்கொண்டிருக்கிறேன். "கால் வழுக்கியிருக்கும்மா. உன் புருசன் சாகப் போகலை. நகம் பிய்யுற வரைக்கும் தொங்கிப் பார்த்திருக்காரு."

நான் என்ன கத்தினால் என்ன, மனுசன் வீட்டுக்குத் திரும்பி வரத்தான் பார்த்திருக்கிறார்.