திருப்பி அனுப்பிய கல்

பொழியூர்,
ஜூலை 19

அன்பு மகள் ரினிக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் நானும் சுகம். நீ இருக்கிற இமயமலை முகாமில் போனுக்கு ரேஞ்ச் கிடையாதாம். வாய் ஓயாத என்னை எழுத வைத்துவிட்டாயே!

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறித்தான் அங்குள்ள வெள்ளைக் கிரானைட் ஆனதாம். மெதுவாக ஆறியதால் மணிகள் பெரிதாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டனவாம். கற்கண்டும் அப்படித்தானே? தலையில் மீன் சருவம் சுமந்து விற்றவள் வயிற்றில் மலைக்கு வயது சொல்லும் பெண்! கல்லைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று உன்னோடு மல்லுக்கு நின்றவளும் நான்தான். மன்னித்துக்கொள்.

இங்கே கடல்சுவருக்கு ஏழு லாரியில் கல் வந்தது. நமக்கெல்லாம் கருங்கல் என்றால் ஒரே கல்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வரி வரியாய் மினுங்கி, செதில் கழலும் கல் உப்புத் தண்ணீரில் நிற்காது என்று நீ சொல்லியிருந்தாய். முதல் லாரியில் கிடந்ததைத் தட்டினேன், செதில் கழன்றது. மேல்தோல்தான் இப்படி, உள்ளே உறுதி என்று டிரைவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிந்துவும் ஓடிவந்து என்னோடு உட்கார்ந்தாள். ஒப்பந்தக்காரர் கோபத்தில் ஏழு லாரியையும் திருப்பிக்கொண்டு போனார்.

அப்புறம் பதினொரு நாள் ஒரு லாரியும் வரவில்லை. ஒன்பதாம் நாள் கடல் ஏறி நம் அடுக்களையையும் பிந்துவின் வீட்டையும் கொண்டுபோயிற்று. பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். பிந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது வந்திருப்பது வேறு கல். கரும்பச்சையாய், எண்ணெய் தடவினாற்போல் இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கும் அசையாது என்று நீ சொன்ன சார்னோக்கைட் கல் இதுதானோ? அலை வந்து மோதுகிறது, கல் அசையவில்லை. என்ன ஒரு நிற்பு! பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“நீ செய்தது சரியாக்கும், கலங்காத,” என்கிறார் அப்பா. அவருக்குக் கல்லைத் தெரியாது, என்னைத்தான் தெரியும்.

திருப்பி அனுப்பிய கல்லின் சில்லு ஒன்றை இதில் பொதிந்திருக்கிறேன், மக்கா. உடைத்துப் பார்த்து எழுது. நல்ல கல்லாக இருந்தால் நல்ல கல் என்றே எழுது. அம்மைக்காக மாற்றி எழுதிவிடாதே. உன் பதிலை நான் பிந்துவின் கையில் கொடுத்துத்தான் பிரிக்கச் சொல்வேன்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மை,
வயலட்