மடித்த இலை

தூத்துக்குடி

ஹெப்சிக்கு,

சாயர்புரத்தில் உன் தம்பி பெனிஸ்டன் வீட்டில் உடல் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். அவன் மீதான என் கோபம் தணியவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆலய அசன விருந்தில், சர்க்கரை நோயுள்ள உன் இலையில் வாளியோடு வந்து கோழிக்கறியை அள்ளி வைத்தவன் அவன். நீ கை வைக்குமுன் நான் உன் இலையை மடித்தேன். "அத்தான், கோழியிலயா சீனி கெடக்கு? அக்கா சோத்தக் கொறச்சுட்டுக் கறியத் திங்கட்டும்," என்று சபையார் சிரிக்கும்படி சொன்னான்.

நீ சிரிக்கவில்லை. "ஊசி போட்டுட்டு வந்திருக்கேங்க, ரெண்டு வாயாவது சாப்பிடுதேன்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்.

எனக்குக் கேட்டது. இன்சுலின் போட்டபின் பட்டினி கிடக்கக் கூடாது என்பது வேதியியல் கற்பிக்கும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், அத்தனை பேர் முன்னிலையில் மடித்த இலையை மறுபடி விரிக்க என் கௌரவம் இடம் தரவில்லை. ஆலய வாசலில் நீ வியர்த்துச் சரிந்தபோது, ஓடிவந்து உன் வாயில் சீனியைப் போட்டவனும் பெனிஸ்டன்தான். அவன் மீதான கோபம் தணியாததற்கு அதுவே காரணம்.

நேற்று நானே கோழிக்கறி வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. உன் தட்டையும் எடுத்து வைத்தேன். அதன் எதிரே அமர்ந்த எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வா. பெனிஸ்டனையும் அழைத்து வா. அவனே பரிமாறட்டும்.

இப்படிக்கு,
உன் இலையை மடித்தவன்